அமெரிக்காவில் ஆங்கில வகுப்பு: செலவா, முதலீடா?

ஆன்சைட் பத்தி நம்ம சேனல்ல எப்ப வீடியோ போட்டாலும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சும்? சேவிங்ஸ் அக்கவுண்டை எப்ப என்ஆர்ஓ-வா மாத்தணும்? 401கே-யில் பணம் போடலாமா? எல்லாமே நல்ல கேள்விகள். ஆனா கூட வர்ற மனைவியோ கணவரோ அங்கே ஆங்கிலத்தில் எப்படிச் சமாளிக்கப் போறாங்கன்னு பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதுவும் பணக் கேள்விதான்னு நான் சொல்றேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். அமெரிக்காவில் குடியேறுபவருக்கு ஆங்கில வகுப்பு என்பது தானமும் இல்லை, பொழுதுபோக்கும் இல்லை. அது முதலீடு. அந்த நாட்டு அரசு அதைச் செலவாகப் பார்க்கிறது. நம்மில் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இரண்டுமே தப்பு.

ஸ்கில் கட்டாயம், டிரெய்னிங் பட்ஜெட் ஜீரோ

2025 மார்ச் 1-ம் தேதி, அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை அமெரிக்காவின் அதிகாரபூர்வ மொழியாக அறிவித்து உத்தரவு போட்டார். ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கு மத்திய அரசு அலுவலகங்கள் உதவ ஏற்பாடு செய்யணும்னு 2000-ல் கிளின்டன் போட்ட உத்தரவும் அதோடு ரத்தானது. சரி, ஒரு நாடு தன் மொழியைக் கத்துக்கோன்னு சொல்றதில் தப்பில்லை. குடியேறியவர்களும் அதைத்தான் விரும்புறாங்க.

ஆனா அதே வருஷம் என்ன நடந்தது பாருங்க. வயது வந்தோர் கல்விக்காக மாநிலங்களுக்கு வருஷா வருஷம் போகும் 70 கோடி டாலருக்கு மேற்பட்ட மத்திய நிதி, ஜூலை 1-ம் தேதி வர வேண்டியது, நிறுத்தி வைக்கப்பட்டது. மாதக் கடைசியில்தான் விடுவிக்கப்பட்டது. 2026 நிதியாண்டுக்கு அதிபர் அனுப்பிய பட்ஜெட் முன்மொழிவிலோ அந்தத் தலைப்புக்கு ஒரு டாலர்கூட இல்லை. கடைசி முடிவு காங்கிரஸ் கையில் என்பது வேற விஷயம். ஆனா மனநிலை புரியுதில்ல?

உங்க கம்பெனி ஒரு ஸ்கில்லை அப்ரைசலுக்குக் கட்டாயம்னு மெயில் அனுப்பிட்டு, அடுத்த வாரமே டிரெய்னிங் பட்ஜெட்டை வெட்டினா என்ன சொல்வீங்க? அதேதான் இது.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பார்ப்போம். அமெரிக்காவில் 5 வயதுக்கு மேற்பட்டவர்களில், ஆங்கிலம் சரளமாகப் பேச வராதவர்கள் சுமார் 2.5 கோடிப் பேர். அந்த மத்திய நிதி ஆங்கில வகுப்புக்கு மட்டுமானது இல்லை. பள்ளிப் படிப்பை முடிக்காத பெரியவர்களின் படிப்பும் அதில்தான் நடக்குது. முழுசையும் ஆங்கிலத்துக்கே செலவழிச்சாலும் தலைக்கு வருஷத்துக்கு 30 டாலரைத் தாண்டாது. மாநிலங்கள் தனியா பணம் போடுது, நூலகங்களும் தன்னார்வலர்களும் வகுப்பு எடுக்கறாங்க. இருந்தும் பல ஊர்களில் வெயிட்டிங் லிஸ்ட் நீள்வதில் ஆச்சரியமே இல்லை.

குலுக்கல் சொன்ன உண்மை

இப்ப ரிட்டர்ன் பக்கம் வருவோம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். அங்கே பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பில் இடம் கம்மி, ஆள் அதிகம். அதனால குலுக்கல் முறையில் சேர்த்தாங்க. ஆராய்ச்சியாளர்களுக்கு இது ஒரு பொக்கிஷம். குலுக்கலில் பேர் வந்தவரும் வராதவரும் ஒரே மாதிரி ஆட்கள், வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டும்தான். இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இவங்க வருமானத்தைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தாங்க.

வகுப்பில் படிச்சவங்களோட ஆண்டு வருமானம் சராசரியா 2,400 டாலர், அதாவது 56 சதவீதம் கூடியிருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: அடிப்படைத் தொகை சின்னதா இருந்தா சதவீதம் பெருசாத் தெரியும். மியூச்சுவல் ஃபண்டு விளம்பரத்துக்குச் சொல்ற அதே விதிதான். அதனால 56-ஐ விடுங்க, 2,400-ஐப் பாருங்க. நம்ம கணக்கில் சுமார் 2 லட்சம் ரூபாய், அதுவும் ஒவ்வொரு வருஷமும்.

எனக்கு இதைவிட முக்கியமாப் பட்டது இன்னொரு எண். கூடின வருமானத்திலிருந்து அரசுக்கு வரும் வரியை மட்டும் கணக்குப் பண்ணினாலே, காலப்போக்கில் வகுப்புக்கான செலவு திரும்பி வந்து, வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு 6 சதவீதம் ரிட்டர்ன் கிடைக்குதாம். 6 சதவீதம் நம்ம எஃப்டி மாதிரிதானேன்னு நினைக்காதீங்க. இது டாலரில், ஒரு அரசு "செலவு"ன்னு எழுதி வைத்த தலைப்பில் வரும் வருமானம்.

இது ஒரு ஊரின், ஒரு வகுப்பின் முடிவுதான். நாடு முழுக்க இப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. ஆனா "வரிப்பணம் வீணாகுது"ன்னு சொல்பவர்தான் இனி ஆதாரம் காட்டணும்.

"யூடியூபும் ஆப்பும் இருக்கே?"

இருக்கு. வார்த்தைகள் கத்துக்க உதவும். ஆனா ஆஸ்பத்திரி பில்லில் தப்பு இருக்குன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, எதிர்முனையில் வேகமாப் பேசுறவரை நிறுத்தி, திரும்பக் கேட்கிற தைரியம் ஆப்பில் வராது. நாலு பேர் நடுவில் தப்பும் தவறுமாப் பேசிப் பழகினால்தான் வரும்.

வகுப்பு இலவசமா இருந்தாலும் சிக்கல் தீராது. நியூயார்க் பொது நூலகத்திலும், சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜிலும் காசில்லாம படிக்கலாம். ஆனா குழந்தையை யார் பார்த்துக்கறது? பஸ் இல்லாத ஊரில் எப்படிப் போறது? ரெண்டு ஷிஃப்ட் வேலை பார்ப்பவருக்கு நேரம் எங்கே? ஃபீஸை மட்டும் பார்த்து "வசதி இருக்கு"ன்னு சொல்றது, இஎம்ஐயை மட்டும் பார்த்து வீடு வாங்கற மாதிரி.

சரி, உங்களுக்கு இதில் என்ன?

நம்ம ஊரிலிருந்து போறவங்களில் வேலைக்குப் போகிறவருக்கு ஆங்கிலம் ஓரளவு வரும். எச்-4 விசாவில் கூடப் போறவருக்கு? படிக்கத் தெரியும், எழுத வரும், பேச வாய் வராது. இப்படி எத்தனையோ வீடுகள்.

விதி என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. எச்-4-ல் இருப்பவர் தாராளமாப் படிக்கலாம். வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேணும். 2015 முதல் ஒரு பகுதியினருக்கு, முக்கியமா துணைவரின் கிரீன் கார்டு மனுவில் ஐ-140 கட்டம் தாண்டியவர்களுக்கு, அது கிடைக்குது. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் அரசுப் பணத்தில் நடக்கும் வயது வந்தோர் வகுப்பில் சேரக் கூடாதுன்னு 1996 சட்டமே இருக்கு. பி-2-ல் பார்க்கப் போகும் அப்பா அம்மாவுக்கு அந்த விசா படிப்புக்கானது இல்லை.

எச்-4-ல் வேலை அனுமதிக்காகக் காத்திருக்கும் வருஷங்கள்தான் வகுப்புக்கான வருஷங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு ஏபிசிடி-யிலிருந்து ஆரம்பிச்சா, சம்பாதிக்க வேண்டிய காலமும் படிப்பிலேயே போயிடும்.

ரிஸ்க் பக்கமும் இருக்கு. எச்-1பி-யில் வேலை போனா அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். சம்பாதிப்பவரே ஆஸ்பத்திரியில் படுத்துட்டா, டாக்டர், பேங்க், இன்சூரன்ஸ், வீட்டு ஓனர் எல்லாரோடயும் பேச வேண்டியது மத்தவர்தான். டெர்ம் இன்சூரன்ஸ் எடுத்து நாமினி பேர் எழுதறோம். அந்த நாமினிக்கு கிளைம் போன் பேச வருமான்னு பார்க்கறோமா?

அதனால ஆன்சைட் பட்ஜெட் ஷீட்டில் ஒரு வரி சேருங்க: ஆங்கில வகுப்பு. ஃபீஸ் இல்லைன்னாலும் குழந்தைப் பராமரிப்பு, போக்குவரத்து, புத்தகம் மூணுக்கும் தொகை போடுங்க. போய் இறங்கின முதல் மாசமே கம்யூனிட்டி காலேஜ், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், நூலகம் மூணு இடத்திலும் விசாரிங்க. வெயிட்டிங் லிஸ்ட்னா பேரைக் கொடுத்துட்டு, அதுவரை நூலகத்தில் நடக்கும் பேச்சுப் பயிற்சிக் குழுவில் உட்காருங்க. வகுப்பு நேரத்தில் வீட்டைப் பார்த்துக்கறது உங்க பங்கு.

அந்த நாட்டு அரசு தன் பட்ஜெட்டில் என்ன முடிவு பண்ணும்னு நம்மால் தீர்மானிக்க முடியாது. நம்ம வீட்டு பட்ஜெட் நம்ம கையில்தான் இருக்கு. டாலர் சேமிக்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே போறீங்க? முதலீடும் ரெண்டு பேர் மேலயும் இருக்கட்டும்.

நீங்க ஏற்கெனவே அங்கே இருந்தா, உங்க ஊரில் வகுப்பு எப்படிக் கிடைச்சுது, எவ்வளவு நாள் காத்திருந்தீங்கன்னு எழுதுங்க. அடுத்துப் போறவங்களுக்கு உதவும்.