வார் சுற்றும் வழி

தமிழ் படித்தவன் காரின் பானெட்டைத் திறந்துவைத்துப் பேசத் தொடங்கினால் இலக்கிய நண்பர்கள் புன்னகைப்பது வழக்கம். புன்னகைக்கட்டும். பெல்ட் மாட்டும் முறை குறித்துச் சொல்ல நமக்குக் கொஞ்சம் இருக்கிறது. சொற்களைப் பற்றிச் சொல்ல அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

முதலில் பொருள். இன்றைய கார்களில் எஞ்சினின் முகப்பில் ஒரே ஒரு நீண்ட பெல்ட் பாம்பு போல வளைந்து வளைந்து ஓடும். கீழே கிராங்க் புல்லியிலிருந்து புறப்பட்டு ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல வண்டிகளில் வாட்டர் பம்ப், பழைய வகையாயின் ஸ்டீயரிங் பம்ப் என எல்லாவற்றையும் சுற்றிவிட்டுத் திரும்பக் கிராங்குக்கே வந்துசேரும். முன்பு இவற்றுக்கெல்லாம் தனித்தனி 'வி' பெல்ட்டுகள் இருந்தன. 1979ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங்கில் இந்த ஒற்றைப் பெல்ட் முறை வந்தது. பின்னர் உலகெங்கும் பரவியது. நம் பட்டறைகளில் இதற்கு இன்றும் பெயர் 'ஃபேன் பெல்ட்'தான். ஃபேன் மின்மோட்டாரில் சுற்றத் தொடங்கி ஆண்டுகள் பலவாயினும் சொல் விலகவில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய். ஆனால் தேங்காய்க்கும் கடலைக்கும், ஏன், மண்ணுக்குங்கூட எண்ணெய் என்றே வழங்குகிறோம். பட்டறைக்காரரைப் பிழை சொல்வோர் முதலில் நம் அடுப்படியைத் திருத்த வேண்டும்.

கரிசல் மண்ணில் இந்தப் பெல்ட்டுக்கு இரண்டு பகைகள்: வெயில், புழுதி. எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் கோடையில் ஒரு பயணம் போய்வந்தால் பானெட்டுக்குள் மாவு போலப் படிந்திருக்கும் புழுதியைக் காணலாம். பெல்ட்டின் உட்புறத்தில் உழவுசால் போல நீளவாக்கில் வரிகள் உண்டு. புல்லியின் காடிகளில் அவை பொருந்தி ஓடும். அந்த இடுக்குகளில் புழுதி புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கும். பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் முதுமையில் குறுக்கே வெடித்துத் தம் நிலையைத் தாமே அறிவித்தன. நிலத்தின் வெடிப்பைக் கண்டு கோடையின் கடுமையை அளந்தறிந்த நம்மவர்க்கு அது எளிதில் புரிந்த மொழி. இப்போது வருவன பெரும்பாலும் ஈபிடிஎம் எனப்படும் செயற்கை ரப்பர். இவை எளிதில் வெடிப்பதில்லை. டயர் தேய்வதுபோல வரிகள் மெல்லத் தேயும். ஆகவே "வெடிப்பு இல்லை, பெல்ட் நன்றாயிருக்கிறது" என்னும் பழைய தீர்ப்பு இனிச் செல்லாது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது கீச்சிடுகிறதா, வரிகளின் இடையே பள்ளம் அகன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனிச் சுற்றும் வழிக்கு வருவோம். நண்பர் ஒருவரின் கார், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட நாற்கரச் சாலையில், புதுப் பெல்ட் மாட்டிய இரண்டாம் நாள் கொதித்து நின்றது. பட்டறையின் பெயர் இங்கே தேவையில்லை. பெல்ட் அறுந்திருக்கவில்லை. பேட்டரி விளக்கு எரியவில்லை. வெப்பமுள் மட்டும் சிவப்பைத் தொட்டிருந்தது. காரணம், பெல்ட் வழிமாறிச் சுற்றப்பட்டிருந்தது. வாட்டர் பம்ப் எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆல்டர்னேட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் மின்சாரம் தரும்; எனவே விளக்கு எச்சரிக்காது. பம்போ திசை மாறினாலும் ஓரளவு நீரைத் தள்ளும். ஊருக்குள் சுற்றும்வரை ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில், நண்பகல் வெயிலில், ஏசியும் ஓடும்போதுதான் உண்மை வெளிப்படும். அப்போதும் நிறுத்தாமல் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையும், கேஸ்கட் போகும். பெல்ட்டின் விலை எங்கே, அந்தச் செலவு எங்கே!

இதற்கு ஒரே ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும். பெல்ட்டின் உட்புறம் தொடும் புல்லிகள் கிராங்க் சுற்றும் பக்கமே சுற்றும். பெல்ட்டின் முதுகு தொடும் புல்லிகள் எதிர்ப்பக்கம் சுற்றும். வரியுள்ள உட்புறம் காடி வெட்டிய புல்லிக்கு, வழவழப்பான முதுகு வழவழப்பான புல்லிக்கு. பழைய ஜின்னிங் ஆலைகளில் ஒரே தண்டிலிருந்து பல எந்திரங்களைத் தோல்வாரால் ஓட்டிய காலத்தில், எதிர்த்திசை வேண்டுமானால் வாரைப் பெருக்கல் குறிபோலக் குறுக்கே மாட்டினார்கள். தத்துவம் அன்றும் தெரிந்ததுதான்.

செய்முறையும் கடினமன்று. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். கழற்றுமுன் பழைய பெல்ட் போகும் வழியைத் தாளில் வரைந்துகொள்க, அல்லது கைப்பேசியில் படமெடுத்துக்கொள்க. டென்ஷனரை ஸ்பானரால் அதன் சுருள்வில்லுக்கு எதிராகத் திருப்பினால் பெல்ட் தளரும். (சில வண்டிகளில் டென்ஷனரே இல்லை, இழுத்து மாட்டும் வகைப் பெல்ட் அது. அதைத் தெரிந்தவரிடம் விடுவதே நன்று.) கழற்றியபின் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி பேரிங் கரகரக்கிறதா என்று கேட்க வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். புதுப் பெல்ட்டின் எண்ணைப் பழையதோடு ஒப்பிடுக: '6பிகே 1200' என்றால் ஆறு வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். வரிக்கு வரி இடைவெளி 3.56 மில்லிமீட்டர்தான் என்பதால் ஒரு காடி தள்ளி உட்கார்ந்தாலும் கண்ணுக்கு எளிதில் படாது. விரலால் ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கிராங்கில் தொடங்கி, கைக்கு எளிதாய் எட்டும் வழவழப்பான புல்லியை இறுதிக்கு வைத்து, டென்ஷனரை மெல்ல விடுக. முதல் ஓட்டத்தைக் குனிந்து பார்க்கும்போது வேட்டி முனையும் தோள்துண்டும் தொலைவில் இருக்கட்டும்.

பின் ஏன் பிழை நேர்கிறது? பானெட்டின் அடியில் வழிப்படம் ஒட்டியிருப்பார்கள். ஏசி உள்ள வண்டிக்கு ஒரு வழி, இல்லாததற்கு வேறு வழி என இரண்டு படங்கள் அடுத்தடுத்து இருப்பதுண்டு. விளக்கம் ஆங்கிலத்தில். மூன்று கை மாறிக் கோவில்பட்டிக்கு வந்துசேரும் பழைய வண்டியிலோ அந்தச் சீட்டு வெந்து உரிந்து போயிருக்கும். எஞ்சுவது மெக்கானிக்கின் நினைவுதான். அந்த நினைவை நாம் மதிக்கிறோம். பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. ஆனால் அதைத் தம்பிமாருக்குக் கைமாற்றச் சொல் வேண்டுமே! 'இப்பிடி விட்டு அப்பிடி எடு' என்பது கண்முன் நிற்பவனுக்குப் பயன்படும். நாளை தனியாக நிற்பவனுக்குப் பயன்படாது.

கமலைக்குச் சொல் இருந்தது. மேலுருளை வழியே கூனையை இழுப்பது வடம். கீழுருளை வழியே தும்பியின் நுனியை இழுப்பது வால்கயிறு. வால்கயிறு நீண்டுவிட்டால் தும்பி தொங்கி, இறைத்த நீர் கிணற்றுக்கே திரும்பும். ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் இருந்ததால்தான் குறையைக் கரையில் நின்றபடியே சொல்ல முடிந்தது. இடைசெவல் தந்த கி.ராஜநாராயணன் 1980களின் தொடக்கத்தில் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டபோது, பம்பு செட்டுகள் கமலையை ஏறக்குறைய ஓரங்கட்டியிருந்தன. அவர் செய்தது பெரும்பணி. எனினும் பின்வந்த நம் ஆய்வுகள் அந்த ஏரும் கமலையுமான உலகத்திலேயே நின்றுவிட்டன. வட்டார வழக்கு என்றாலே மறைந்த பொருளின் பெயர் என்றாகிவிட்டது. கிரீஸ் படிந்த கையின் பேச்சும் கரிசல் வழக்குத்தான் என்று ஏற்க ஏனோ நமக்குக் கூச்சம்.

கலைச்சொல் ஆக்குவோரிடம் இதை விட்டால் 'அரவப்பட்டை' என்று ஒன்றை அனுப்பிவைப்பார்கள். அதைக் கேட்டு எந்தப் பட்டறையில் பெல்ட் எடுத்துத் தருவார்கள்? பெல்ட் பெல்ட்டாகவே இருக்கட்டும், அதனால் தமிழ் தேயாது. உட்புறம், முதுகு, காடி, வரி, தளர்த்தி, எதிர்ச்சுற்று ஆகியவை முன்பே நம்மிடம் இருக்கின்றன. இவற்றைக் கொண்டு அரைப்பக்க வழிக்குறிப்பைத் தமிழில் அச்சிட்டுப் பெல்ட் உறைக்குள் வைப்பது உற்பத்தியாளர்க்கு இயலாத செயலன்று. மதுரை கோச்சடையிலேயே பெல்ட் செய்யும் ஃபென்னர் ஆலை இருக்கிறது. தமிழ் தெரிந்தவருக்கு அங்கே பஞ்சமிராது.

காலமும் அதிகமில்லை. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. நம் மாவட்டத்திலேயே உருவாகும் அந்தக் கார்களில் கிராங்கும் இல்லை, இந்தப் பெல்ட்டும் இல்லை. சாலையில் ஓடும் எஞ்சின் வண்டிகள் தேயும்வரைதான் இச்சொற்களுக்கு உயிர்.

இவ்வாண்டு முதுகலை மாணவர்க்குக் களப்பணியாகக் கோவில்பட்டி, சாத்தூர், கயத்தாறு நெடுஞ்சாலைப் பட்டறைகளைக் கொடுக்க எண்ணியுள்ளோம். 'ஐட்லர்' புல்லிக்கு மட்டும் தமிழில் ஒரு வழக்குச் சொல் இதுவரை நம் காதில் விழவில்லை. தம் ஊர்ப் பட்டறையில் கேட்டவர் இருப்பின் எழுதுக.