மீன்தொட்டிக்குப் பீட் கேட்கும் பிள்ளைகளுக்கு



ஒரு மாதத்துக்குள் நான்கு பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சார், டெட்ரா மீன் வாங்கியிருக்கேன், தொட்டித் தண்ணிக்குப் பீட் போடணுமாமே, எங்க கிடைக்கும்?" ஒவ்வொருவருக்கும் தனியாகத் தட்டெழுத இந்த விரல்களுக்குத் தெம்பில்லை. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்; என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழகியதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வீட்டுத் தொட்டிக்குப் பீட் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் பீட், இலை, பாட்டிலில் விற்கும் சாறு என்று எதைப் போட்டாலும் காசுக்குக் கேடு. சில நேரம் மீனுக்கும் கேடு.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகொடியும் காற்றுப் படாமல், பாதி மக்கியும் மக்காமலும் படிந்து கிடக்கும் பொருள். தமிழில் முற்றா நிலக்கரி என்பார்கள். அதைத் துணிப்பையில் கட்டி ஒரு வாளித் தண்ணீரில் ஒன்றிரண்டு வாரம் ஊறவிட்டால், ஹியூமிக் அமிலமும் டானினும் இறங்கித் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வரும். பிரேசிலில் ரியோ நீக்ரோ என்று ஓர் ஆறு ஓடுகிறது. கறுப்பு ஆறு என்றுதான் பெயருக்கே பொருள். காட்டு இலைச்சருகு ஊறி ஊறி அந்த நிறம். அதன் பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும், சுண்ணாம்புச் சத்து அநேகமாகக் கிடையாது. கார்டினல் டெட்ரா அந்த ஆற்று மீன். அதற்குப் பிறந்த வீட்டுத் தண்ணீரைக் கொடுக்கவேண்டும் என்ற ஆசையில் வெளிநாட்டு மீன் வளர்ப்பாளர்கள் ஆரம்பித்ததுதான் இந்தப் பீட் தண்ணீர்.

ஆசையில் தப்பில்லை. ஆனால் பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பியூரெட்டிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழும். கூம்புக் குடுவையில் நிறம் மாறவே மாறாது. "சார், ஒண்ணுமே ஆகலை" என்று குழாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறப்பான் ஒருவன். அடுத்த நொடி நிறம் தலைகீழாக மாறியிருக்கும். உங்கள் மீன்தொட்டியிலும் நடப்பது அதேதான். போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறைய இருக்கிறது. பீட்டிலிருந்து வரும் அமிலத்தை அது கார்பன் டை ஆக்சைடும் நீருமாக்கி முடித்துவிடும். தண்ணீர் பழுப்பாகும், பி.எச். இருந்த இடத்திலேயே நிற்கும். இந்தத் தாங்கும் சக்தியைத்தான் மீன் கடைகளில் கே.எச். என்கிறார்கள். அதை அளக்கச் சொட்டுமருந்து மாதிரி ஒரு பரிசோதனைப் பாட்டில் விற்கிறது. நிறம் மாறும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணவேண்டும், அவ்வளவுதான். சின்ன டைட்ரேஷன்!

உறவில் ஒரு பையன், சென்னையில் வேலை பார்ப்பவன், 'பிளாக் வாட்டர்' என்று லேபிள் ஒட்டிய சாற்றை மூன்று பாட்டில் வாங்கி ஊற்றியிருக்கிறான். பி.எச். 8-லிருந்து அசையவில்லை. விற்றவர் சொன்னது, "இன்னொண்ணு ஊத்திப் பாருங்க." வீட்டுத் தண்ணீரை அளக்கச் சொன்னேன். கே.எச். 14. அந்தத் தண்ணீரில் நாலாவது பாட்டில் என்ன, பத்தாவது பாட்டிலும் எடுபடாது.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. முழுக்க முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை நிரப்பி, அதில் பீட்டையும் அள்ளிப் போட்டால் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை, பி.எச். சரசரவென்று இறங்கும். 6-க்குக் கீழே போனால் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா மந்தமாகிவிடும். மீன் கழிவு அம்மோனியமாகத் தேங்கி நிற்கும். அம்மோனியம் பெரிய நஞ்சில்லை, அதனால் மீன்களும் தெம்பாகவே தெரியும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அக்கறையாகப் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர் தண்ணீரை ஊற்றுவீர்கள். பி.எச். ஏறும், அம்மோனியம் அம்மோனியாவாக மாறும், செவுள் வெந்துபோகும். "தண்ணி மாத்தினதும் எல்லாம் செத்துப்போச்சு சார்" என்று வரும் செய்திகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுதான்.

பீட்டுக்கு ஒரு குணம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை விடும். அதாவது கடின நீரைக் கொஞ்சம் மென்மையாக்கும். இலை அதை அந்த அளவுக்குச் செய்யாது. ஆனால் அந்த வேலைக்குத்தான் பலர் வீட்டுச் சமையலறையில் ஆர்.ஓ. தொங்குகிறதே! குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் சம அளவில் கலந்தால் கே.எச். பாதியாகிவிடும். (ஆர்.ஓ. கழித்து வெளியே தள்ளும் தண்ணீரை எடுத்துத் தொட்டியில் விடாதீர்கள். உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான்.) மழைக்காலத்தில் முதல் மழையை விட்டுவிட்டு, சுத்தமான மொட்டைமாடியில் பிடித்த நீரும் நல்லது.

பீட் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. பீட் படிவது ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். நம் நீலகிரியிலேயே பீட் படிந்த சதுப்புகள் உண்டு. அந்த மண்ணை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளில் இந்த மலையில் எப்போது ஈரம், எப்போது வறட்சி என்று விஞ்ஞானி ஆர். சுகுமாரும் அவருடன் உழைத்தவர்களும் 1993-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உலகத்தின் நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். அதில் அடைபட்டிருக்கும் கார்பனோ எல்லாக் காடுகளின் மரங்களிலும் இருப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட பொருளைத் தோண்டி, கப்பலேற்றி, மூன்றடித் தொட்டியில் நிறம் ஏற்றவா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

நர்சரியில் மலிவாகக் கிடைக்கும் கோகோபீட் வேறு பொருள். பெயரில் மட்டும்தான் பீட். அது தென்னை நார்க்கழிவு. கழுவாததில் உப்பு இருக்கும். பதப்படுத்தியதில் கால்சியம் நைட்ரேட் சேர்த்திருப்பார்கள். செடிக்கு அது நல்லது, மீனுக்கு வேண்டாம். உரம் கலந்த தொட்டிமண் பீட்டையும் தொடாதீர்கள்.

பதிலாக என்ன செய்வது? வாதாங்கொட்டை மரம் தெரியுமல்லவா, பள்ளிக்கூட வாசலில் கொட்டையைக் கல்லால் தட்டித் தின்பீர்களே, அதே நாட்டு வாதுமைதான். தாய்லாந்தில் சண்டை மீன் வளர்ப்பவர்கள் காலங்காலமாக இதன் சருகைத்தான் போடுகிறார்கள். தானாக உதிர்ந்து நன்றாகக் காய்ந்த இலையாக எடுங்கள். பச்சை இலை வேண்டாம். பூச்சிமருந்து அடித்த மரத்தடியும் வேண்டாம். கழுவி, 30 லிட்டருக்கு ஓர் இலை என்று ஆரம்பியுங்கள். வடிகட்டியில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், நிறத்தை அது உறிஞ்சிவிடும். இலைமேல் வெள்ளைப் படலம் வந்தால் பயப்படவேண்டாம், இறால் இருந்தால் மேய்ந்துவிடும். இரண்டு மூன்று வாரத்தில் இலை சல்லடையானதும் மாற்றுங்கள். நோய்க்கெல்லாம் இதுவே மருந்து என்று யாராவது சொன்னால் மட்டும் தலையாட்டாதீர்கள்.

கப்பி, மோலி, பிளாட்டி, தங்கமீன், ஆப்பிரிக்க ஏரிகளின் சிக்லிட் வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலையே இல்லை. அவற்றுக்கு நம் கடின நீரே சுகம். பண்ணையில் பல தலைமுறையாகப் பிறந்த நியான் டெட்ராகூட மிதமான தண்ணீரில் நன்றாகவே வாழும்.

கே.எச். அளந்தவர்கள் எண்ணை இங்கே கமெண்டில் போடுங்கள், ஊர்ப் பெயரோடு. எவ்வளவு ஆர்.ஓ. கலக்கவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். இலை கிடைக்காதவர்களும் சொல்லுங்கள். எங்கள் தெருமுனை மரம் இந்த மாதம் கொட்டித் தீர்க்கிறது. ஒரு கோணிப்பை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டம்மா அதைப் பெருக்கிக் கொட்டுவதற்குள் வந்தால் நல்லது.