கேட்கும் காதைக் காப்போம்



2006 ஆகஸ்டில் மூதூரிலும் தோப்பூரிலும் சண்டை மூண்டபோது, மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தார்கள். அந்த நாட்களில் பக்கத்தில் விழுந்த ஷெல்லினால் தோப்பூரில் ஒரு ராத்தாவுக்கு இடது காது கேட்காமல் போனது.

இப்போது அவருடைய மகன் கட்டாரில் வேலை செய்கிறார். இரவில் மகன் அழைத்தால் ராத்தா வலது காதில் இயர்போனைச் செருகி, சத்தத்தை முழுதாகக் கூட்டிவிடுவார். பிறகு தூக்கம் வரும்வரை பயான் கேட்பார். “கழற்றின பிறகும் வண்டு இரையிற மாதிரிக் கிடக்கு தங்கச்சி” என்றார் என்னிடம்.

அந்த இரைச்சல் ஓர் எச்சரிக்கை. உட்காதில் மிக நுண்ணிய மயிர்க் கலங்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்கு அனுப்புபவை அவைதான். அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஷெல் ஒரு நொடியில் செய்ததை, இயர்போன் பல வருடங்களில் மெல்ல மெல்லச் செய்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 80 டெசிபல் சத்தத்தை வாரத்தில் 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம்தான். 100 டெசிபல் என்றால் வாரம் முழுவதற்கும் 20 நிமிடம் மட்டுமே.

டெசிபல் அளக்க நம்மிடம் கருவி இல்லை. ஆனால் இவற்றைச் செய்யலாம்:

• போனில் சத்தத்தைப் பாதிக்குச் சற்று மேல், 60 வீதத்தைத் தாண்டாமல் வையுங்கள்.

• பஸ் இரைச்சலிலும் தொலைக்காட்சிச் சத்தத்திலும்தான் நாம் கூட்டுகிறோம். அமைதியான இடத்துக்குப் போய்ப் பேசுங்கள்.

• இடைக்கிடை கழற்றிக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். இயர்போனோடு தூங்காதீர்கள்.

• இரைச்சல் நீடித்தாலோ, திடீரென்று கேட்காமல் போனாலோ எண்ணெய் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீர்ச் செவிட்டுக்கு ஆரம்ப நாட்களில்தான் மருந்து கூடுதலாகப் பலன் தரும்.

ஷெல்லடியில் காது பாதிக்கப்பட்டவர்களும் ஒருமுறை காட்டுவது நல்லது. செவிப்பறை கிழிந்திருந்தால் சில வேளை சத்திரசிகிச்சையால் சரிப்படுத்தலாம். மற்றவர்களில் பலருக்குக் கேட்கும் கருவி உதவும். “எத்தனையோ வருடமாகிவிட்டதே” என்று இருந்துவிடாதீர்கள்.

ராத்தா இப்போது அறைக் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துப் பேசுகிறார். மகனிடமும் ஆறுதலாகப் பேசச் சொல்லியிருக்கிறார். காது கிளினிக்குக்கு அவரோடு நானும் போகிறேன்.

யுத்தம் எடுத்தது போக மிஞ்சிய காது அது. பிள்ளையின் குரல் அதன் வழியாகத்தான் வருகிறது. உங்கள் காதையும், இயர்போனோடு திரியும் உங்கள் பிள்ளைகளின் காதையும் கவனியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.