தராசுக்கு முன்னால் ஊசி

சென்ற மாதம் என் தமக்கையார் கலவைக்கு வந்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு டப்பா. காலையும் இரவும் சோற்றுக்குப் பதிலாக அந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தால், மூன்று மாதத்தில் பத்துக் கிலோ குறையும் என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி விட்டாராம்.

"ரத்தம் பரீட்சை செய்து கொண்டாயா, அக்கா?" என்றேன்.

"எனக்கென்ன நோயா, தம்பி? இளைக்கத்தானே போகிறேன்!" என்றார்.

மறுநாள் காலை பொடியைக் குடித்து, வழக்கமான சர்க்கரை மாத்திரையையும் விழுங்கினார். பத்து மணிக்கெல்லாம் உடம்பு வேர்த்து, கை நடுங்கி, கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடனே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொடுத்தோம், பிழைத்தார். சில நீரிழிவு மாத்திரைகளும் இன்ஸுலினும் நாம் உண்டோமா இல்லையா என்று கேட்பதில்லை. சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். ஆகாரத்தைக் குறைப்பவர், வைத்தியரைக் கேட்டு மருந்தின் அளவையும் மாற்றிக் கொள்வது அவசியம்.

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் வியாபாரிகள் ஒரு தோலை வாங்குமுன் இருபுறமும் புரட்டிப் பார்ப்பார்கள். நம் சொந்தத் தோலுக்குள் ஓடும் ரத்தத்தை மட்டும் நாம் பார்ப்பதில்லை. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையுடன் வைத்தியசாலை தொடங்கினார். இன்று அதைத் தேடித் தூர தேசங்களிலிருந்தெல்லாம் ரயிலேறி வருகிறார்கள். நாமோ பக்கத்திலேயே இருந்துகொண்டு டப்பாவை நம்புகிறோம்!

எந்தெந்தப் பரீட்சைகள் வேண்டும்? வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சியும் முதலாவது. பின்னது 5.7-க்குக் கீழிருந்தால் நலம், 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்குப் பிசகக்கூடும். ஆகவே ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். தைராய்டுச் சுரப்பி மந்தமாயிருந்தால் எடை ஏறும், சோர்வும் வரும், அதை டி.எஸ்.ஹெச். காட்டிக் கொடுக்கும். சிறுநீரகம் பழுதானவருக்குப் புரதப்பொடி தீங்காகலாம்; அதற்குக் கிரியாட்டினின். ஈரலுக்கும் கொழுப்புக்கும் தனித்தனிப் பரீட்சைகள் உண்டு. திடீரென்று பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்குவதும், பித்தப்பையில் கல் சேர்வதும் உண்டு.

2025-இல் நம் தேசத்தில் எடை குறைக்கும் புதிய ஊசிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றை நாடுவோர் ரத்தம் கொடுத்தால் மட்டும் போதாது. கணையம் முன்பு வீங்கியதுண்டா, குடும்பத்தில் அபூர்வமான மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் உண்டா, கர்ப்பமா என்பவற்றையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இது பணக்காரர் கவலை என்று எண்ண வேண்டாம். 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடி என்று கணக்கிட்டது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கும் மேல்!

அக்காவுக்கு டி.எஸ்.ஹெச். மிகுந்திருந்தது. வைத்தியர் மாத்திரைகளை மாற்றி, சோற்றைப் பாதியாக்கி, மாலையில் நடக்கச் சொன்னார். பத்துக் கிலோ பறந்துவிடவில்லை, இரண்டு குறைந்திருக்கிறது. ஆனால், தூணைப் பிடிக்காமல் நடக்கிறார். டப்பாவை நன்றாகக் கழுவி, கடுகு போட்டு வைத்திருக்கிறார்.