பகல் நேரத்துப் பெட்டி

காய்ச்சல் என்று பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறீர்கள். அம்மா கஞ்சி கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். தெருவே ஓய்ந்து கிடக்கிறது. உங்கள் கை தானாகவே தொலைக்காட்சியை நோக்கிப் போகிறது. ‘ஓய்வுதானே எடுக்கிறோம், பார்த்தால் என்ன?’ என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது ஓய்வுதானா என்று முதலில் பார்ப்போம்.

நோய்க் கிருமிகளை எதிர்க்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடே காய்ச்சல். மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி உடல் வெப்பத்தைக் கூட்டி வைக்கிறது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே உடல் செலவிடும் ஆற்றல் ஏறத்தாழ 10 சதவீதம் அதிகமாகிறது. இந்தச் செலவைச் சமாளிக்கத்தான் உடல் சோர்வை உண்டாக்கி, ‘தூங்கு’ என்கிறது. அந்த நேரத்தில் எதிரே கிரிக்கெட்டின் கடைசி ஓவர் நடந்தால் தூக்கம் எப்படி வரும்? உடல் படுத்திருக்கும், மூளை விழித்திருக்கும். திரையையே உற்றுப் பார்ப்பதால் இமைப்பதும் குறைந்து கண் உலர்ந்து எரியும்.

விடுமுறை நாள்களின் கதை வேறு. அப்போது உடலில் குறையொன்றும் இல்லை. ஆனால் வெளிச்சம் குறைந்து போகிறது! வீட்டு அறைக்குள் உள்ள ஒளி சில நூறு லக்ஸ்தான். வெளியே வேப்பமர நிழலில்கூட அது பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. திறந்த வெளியில் அதிக நேரம் செலவிடும் சிறுவர்களுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. கோடை நண்பகலில் வெயிலுக்குப் போக வேண்டாம்; காலையும் மாலையும் போதும்.

அப்படியானால் தொலைக்காட்சியே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் கல்வி ஒளிபரப்பைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்களுக்காகத் தயாரித்த அந்த நிகழ்ச்சிகளை, வீட்டில் நோயுற்றுப் படுத்திருந்த பள்ளிச் சிறுவர்களும் பார்த்தார்கள். எரிமலையையும் உயிரணுவையும் அவர்களில் பலர் முதன்முதலாகக் கண்டது அங்கேதான். அதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஒரு மணி நேரம் ஆனதும் நிகழ்ச்சி முடிந்துவிடும்!

இன்று அந்த முடிவுதான் காணாமல் போய்விட்டது. ஒரு நிகழ்ச்சி முடியுமுன்பே அடுத்தது வந்து நிற்கிறது. இரவும் பகலும் ஓடும் பெட்டி ‘போதும்’ என்று ஒருநாளும் சொல்லாது. எனவே அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்: தொலைக்காட்சியை இயக்குமுன்பே, எப்போது நிறுத்தப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். எத்தனை மணிக்கு இயக்கினீர்கள், எப்போது நிறுத்த நினைத்தீர்கள், உண்மையில் எப்போது நிறுத்தினீர்கள் என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். கடைசி இரண்டு கட்டங்களுக்கும் இடையேயுள்ள நேரத்தைக் கூட்டுங்கள். அதுதான் உங்களைக் கேட்காமலே உங்கள் விடுமுறையிலிருந்து கழிந்த நேரம். அந்தத் தொகை எவ்வளவு என்று பார்த்தபின், பெட்டி உங்களுக்குப் பணியாளா, நீங்கள் அதற்குப் பணியாளா என்பதை நீங்களே சொல்லுங்கள்!