கட்டியை எடுத்தாச்சா? பாட்டில்ல என்ன ஊத்திருக்காங்கன்னு கேளுங்க

"கட்டியை எடுத்து அஞ்சு நாள் ஆச்சு சார், இன்னும் பயாப்ஸி ரிப்போர்ட் வரல. லேப்ல அப்படி என்னதான் பண்றாங்க?"

ஓபியில் அடிக்கடி கேட்கும் கேள்வி. நியாயமானதுதான். சொல்றேன்.

1) எடுத்த சதையை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் ஒண்ணும் புரியாது. செல்களுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. முதலில் ஃபார்மலினில் ஊறணும். பிறகு அதிலுள்ள நீரை எடுத்துட்டு மெழுகில் பதித்து, சுமார் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவணும். அதாவது ஒரு மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு! அப்புறம்தான் சாயம்.

2) சாயம் ரெண்டு. ஒண்ணு ஹீமடாக்ஸிலின். மெக்சிகோ பக்கத்து லாக்வுட் மரக்கட்டையில் இருந்து எடுப்பது. ஒரு காலத்தில் துணிக்குப் போட்ட சாயம். இது நியூக்ளியஸை நீலமாக்கும். இன்னொண்ணு இயோசின், சுற்றியுள்ளதை இளஞ்சிவப்பாக்கும். அந்த நீலத்தின் அளவு, வடிவம், நெருக்கம் இதையெல்லாம் பார்த்துத்தான் புற்றுநோயா இல்லையான்னு பெத்தாலஜிஸ்ட் சொல்கிறார். ஸ்கேன் எத்தனை வந்தாலும் பெரும்பாலும் கடைசித் தீர்ப்பு இங்கேதான்.

3) ஆனா கெட்டுப்போன சதையைச் சாயம் காப்பாற்றாது. ஒரு அண்ணன் மனைவியின் மார்புக் கட்டியை பாட்டிலில் கொண்டு வந்தார். வேறொரு இடத்தில் ஆபரேஷன். சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்து "லேப்ல குடுத்துடுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. லேப் பூட்டியிருந்தது. திங்கள்கிழமை வரை பையிலேயே இருந்திருக்கு. உள்ளே இருந்தது வெறும் சலைன். சதை அழுகிடுச்சு. கட்டி முழுசா எடுத்தாச்சு, திரும்ப எடுக்க ஒண்ணுமில்ல. புற்றுநோயா இல்லையான்னு அவருக்கு யாராலும் உறுதியா சொல்ல முடியல.

4) இது அந்த அண்ணன் தப்பு இல்ல. எங்க ஆளுங்க தப்பு. ஃபார்மலின் ஊற்றாம, பெயர் எழுதாம எந்த பாட்டிலையும் உறவினர் கையில் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

5) நீங்க கேட்க வேண்டியது மூணு:
- எடுத்ததை பயாப்ஸிக்கு அனுப்புறீங்களா?
- ஃபார்மலின்தானே? (சதை போல பத்து மடங்கு இருக்கணும். கல்ச்சர் மாதிரி சில டெஸ்டுக்கு மட்டும் வேறு முறை, அதை டாக்டரே சொல்வார்.)
- பாட்டில்ல பெயர், வயசு, எந்த இடத்துச் சதைன்னு எழுதியிருக்கா?

ஃபார்மலின் விஷம். மூடியைத் திறக்காதீங்க, குழந்தைகள் கையில் படாம வைங்க.

ரிப்போர்ட் ரெண்டு நாள் லேட்டானா காத்திருக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்க மட்டும் லேட் பண்ணாதீங்க.