வாடகை வீட்டிலும் விளக்கு ஒளிரட்டும்

பனியன் தொழிலை நம்பி மதுரை, தேனி, திண்டுக்கல் பகுதிகளிலிருந்து திருப்பூரில் வந்து குடியேறிய குடும்பங்கள் பல. மகனும் மருமகளும் கம்பெனிக்குச் சென்றபின், பேரக்குழந்தைகளுடன் வீட்டைக் காப்பவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற முதியவர்களே. லைன் வீடு என்றால் ஒரு கூடமும் ஒரு சமையலறையுமே இருக்கும். சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் இசையமாட்டார். "வாடகை வீடுதானே, சொந்த வீடு வரட்டும்" என்று சுவாமி படங்களைப் பெட்டியிலேயே வைத்திருப்போர் உண்டு. அந்த 'வரட்டும்' என்ற சொல்லுக்கு நம் வயதில் அதிக இடமில்லை.

பெரியபுராணம் போற்றும் திலகவதியாரை நினைந்து பாருங்கள். பெற்றோரை இழந்தார், மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டார், தம்பி மருணீக்கியாரும் பிரிந்து சென்றார். தனித்து நின்ற அம்மையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாள்தோறும் பொழுது புலருமுன் அலகிட்டார், ஆன்சாணத்தால் மெழுகினார், மலர் கொய்து மாலை தொடுத்தார். இம்மூன்று பணிகளுக்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. நம் வீட்டு அலங்காரத்துக்கும் இதுவே வரிசையாகட்டும்.

முதலாவது, தூய்மை. பிசிறு வெட்டும் வேலையை வீட்டிலேயே செய்யும் குடும்பங்களில் பஞ்சுத்தூள் மூலைமுடுக்குகளில் படியும். விளக்கு வைத்தபின் வீட்டைப் பெருக்கலாகாது என்பது முன்னோர் வழக்கம். பஞ்சு எளிதில் தீப்பற்றும் ஆதலால், இவ்வூரில் அவ்வழக்கம் பாதுகாப்பும் ஆகிறது. அந்திக்கு முன்னரே பெருக்கித் துடைத்து, துணி மூட்டைகளைத் தள்ளி வைத்து, தட்டின்மேல் விளக்கை ஏற்றுங்கள்.

இரண்டாவது, வாசல். நடை பொதுவாயின் ஒரு சாண் அளவில் பச்சரிசி மாக்கோலமும் அதனைச் சுற்றி ஒரு காவிக்கோடும் போதும். மாவிலைத் தோரணத்துக்கு ஆணி வேண்டாம்; வாசலை ஒட்டிய ஜன்னல் கம்பியில் நூல் கொண்டு கட்டலாம்.

மூன்றாவது, சுவாமிக்குரிய இடம். அலமாரியில் ஒரு தட்டைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, குலதெய்வத்தின் படத்தையும் இஷ்டதெய்வத்தின் படத்தையும் வையுங்கள். ஒரு முழம் பூ அதற்கு நிறைவைத் தரும். திரை வேண்டுமெனில் பனியன் துணியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது பின்னல் துணி, தொங்கவிட்டால் நாளடைவில் தொய்ந்துவிடும். கரையிட்ட பழைய பருத்திப் புடவையைத் துவைத்து மடித்துத் தைத்தால் அழகாக விழும். விளக்கின் சுடர் எட்டாத தொலைவில் அது இருக்கட்டும். பனியன் வெட்டுத் துண்டுகளோ பின்னிக் கால்மிதியாக்க மிகவும் ஏற்றவை.

செலவு செய்ய இயலுமாயின் ஒரு ஜமக்காளம் வாங்குங்கள். சங்கமேஸ்வரர் எழுந்தருளியிருக்கும் பவானியில் நெய்யப்படும் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. விரித்தால் கூடம் முழுதும் நிறம் பெறும். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துச் செல்லலாம்.

வீட்டைக் காலி செய்யும் நாளில் இவை யாவும் நம்முடன் வந்துவிடும். உரிமையாளரின் சுவரில் ஒரு துளையும் இராது. பாட்டியுடன் அமர்ந்து பூத்தொடுத்த பேத்தி அந்தப் பழக்கத்தை அடுத்த வீட்டுக்கும் கொண்டு செல்வாள்.

வரும் வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, படங்களை வெளியே எடுங்கள்.